கொடிக்கயிற்றில் வந்த பாட்டு

ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகை பிறந்தும் விடாமல் பெய்து, கோயமுத்தூர்க்காரர்கள் இத்தனை தண்ணீர் இத்தனை நாளாக எங்கே ஒளிந்திருந்தது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு திரிந்த அந்த வருஷத்தில்தான், கணபதி தண்ணீர்த்தொட்டி வீதியில், மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற மருதாசலத்தின் வீட்டுக் கூடத்தில், அவர் மனைவி வசந்தாமணி துணி காயப்போடக் கட்டிய பச்சை நைலான் கொடி பாட ஆரம்பித்தது.

மொட்டைமாடியில் போட்ட துணி காயவில்லை, வராந்தாவில் போட்டதும் காயவில்லை, வீடு முழுக்க ஈர வாடை. கூடத்துக்குள் கொடி கட்ட இடம் தேடிய வசந்தாமணிக்கு, சுவரின் இரண்டு பக்கமும் கொக்கியில் தொங்கிய ஸ்பீக்கர்களும், நடுவே அலமாரியில் பழைய போர்வைக்குள் இசைத்தட்டுக் கருவியோடு குந்தியிருந்த ஆம்ப்ளிபயரும் கண்ணில் பட்டன. ஆணி அடித்தால் சுவர் பெயரும், சுவர் பெயர்ந்தால் வீட்டுச் சொந்தக்காரர் கத்துவார், இந்தப் பெட்டிதான் வருஷக்கணக்காகச் சும்மா கிடக்கிறதே என்று போர்வையை எடுத்துவிட்டு, பெட்டியின் முதுகில் இருந்த பித்தளைத் திருகாணியில் ஒரு சுற்று, இந்தப் பக்கத்து ஸ்பீக்கரில் ஒரு சுற்று, அந்தப் பக்கத்து ஸ்பீக்கரில் ஒரு சுற்று என்று இழுத்துக் கட்டி, மேசை விசிறியைப் போடுவதற்காகச் சுவிட்சைத் தட்டினாள். அவள் தட்டியது விசிறியின் சுவிட்ச் அல்ல. எப்போதோ ஊசி வைத்தபடி விட்டுப்போன இசைத்தட்டு ஒரு முனகலோடு சுற்ற ஆரம்பித்தது, பழைய படத்துத் தாலாட்டு ஒன்று கொடிக்கயிற்றின் வழியே நடந்து வந்து கூடம் நிறைய நின்றது.

வசந்தாமணி கையிலிருந்த துண்டை உதறிக்கொண்டே கேட்டாள். பாட்டு கொஞ்சம் ஈரமாகத்தான் இருந்தது, ஆனால் சோப்பு வாசத்தோடு சுத்தமாக இருந்தது. துண்டைப் போட்டாள், ஜாக்கெட்டுகளைப் போட்டாள், கனமான ஜமுக்காளத்தைப் போட்டபோது மட்டும் பாடகியின் குரல் ஒரு படி கீழே இறங்கிவிட்டது, அதனால் ஜமுக்காளத்தை எடுத்து நாற்காலி மேல் விரித்துவிட்டு, அந்த இடத்தில் கைக்குட்டைகளை மாட்டினாள். குரல் மறுபடி மேலே ஏறிக்கொண்டது. அது எப்படி என்று நீங்கள் கேட்பீர்கள். தண்ணீர்த்தொட்டி வீதியில் யாரும் கேட்கவில்லை.

பெட்டி ஏன் சும்மா கிடந்தது என்பதை மட்டும் இங்கே சொல்லிவிட வேண்டும். மருதாசலத்துக்குப் பாட்டு பிடிக்கும், பாட்டைவிடப் பாட்டு வருகிற ஒயர் பிடிக்கும். மில் இரைச்சலிலேயே வேலைக்காலம் முழுக்க இருந்த காது அது. குக்கர் விசில் அந்தக் காதில் விழாது, பால்காரர் மணி விழாது, சமையலறையிலிருந்து வசந்தாமணி "ஏனுங்க, ஏனுங்க" என்று தொண்டை கட்டக் கூப்பிடுவது விழவே விழாது. ஆனால் புதிதாக ஒரு ஒயர் மாட்டிவிட்டால் போதும், "பாடறப்ப அந்தப் பொண்ணோட இடது கை வளையலு மேசை மேல பட்டுச்சு பாரு" என்பார். தடித்த ஒயர், மெலிந்த ஒயர், வெள்ளி பூசிய ஒயர், தரையில் படக்கூடாது என்று சின்னச் சின்ன மரக்கட்டை மேல் தூக்கிவைத்த ஒயர், மாங்காய் போலப் பழுக்கட்டும் என்று வாரக்கணக்கில் காத்திருந்த ஒயர் என்று வாங்கிக்கொண்டே இருந்தார். ஒவ்வொன்றுக்கும் மனைவியை உட்காரவைத்துக் கேட்பார்.

"இப்ப எப்படி இருக்குது?"

"நல்லா இருக்குதுங்க."

"முன்னைக்கு இப்ப எப்படி?"

"முன்னையும் நல்லாத்தானுங்க இருந்துச்சு."

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று வாய்விட்டுச் சொல்லமாட்டார், நல்ல மனிதர், முகத்தை மட்டும் அப்படி வைத்துக்கொள்வார்.

வசந்தாமணியின் தம்பி சென்னியப்பன் அடுத்த வீதியில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருந்தான். எரிந்துபோன பம்புசெட் மோட்டாரைப் பிரித்து, புதுத் தாமிரக் கம்பி சுற்றி, உயிர் கொடுத்து அனுப்புகிற வேலை. பொழுது விடிந்து பொழுது போனால் தாமிரத்தோடு புழங்குகிறவனுக்கு மாமனின் பேச்சு பொறுக்கவில்லை. "தாமிரம்னா தாமிரந்தானுங்க மாமா. கரண்டுக்கு ராகமும் தெரியாது, தாளமும் தெரியாது. வழி இருந்தாப் போகும், இல்லாட்டி நின்னுக்கும்" என்பான். சொன்னதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஓர் ஆடிப்பெருக்கு அன்று, ஒறம்பரை சொந்தபந்தம் எல்லாம் கூடியிருந்த நேரத்தில், மாமன் கடல் கடந்து வரவழைத்த ஒயரை (விலையைச் சொன்னால் உங்களுக்குத் தலைசுற்றும், விட்டுவிடுகிறேன்) தானே மாட்டித்தருவதாக வாங்கிக்கொண்டு அலமாரிக்குப் பின்னால் போனான். பாட்டு வந்தது. மருதாசலம் கண்ணை மூடிக்கொண்டார். "ஆகா! மேகம் விலகுன மாதிரி இருக்குது. பாடறதுக்கு முந்தி அந்தப் பொண்ணு உதட்டை நனைச்சுக்கறது கூடக் கேக்குது பாருங்க" என்றார். ஒறம்பரை முழுக்கத் தலையாட்டியது. அப்போது சென்னியப்பன் அலமாரிக்குப் பின்னாலிருந்து இழுத்துக் காட்டியது இஸ்திரிப்பெட்டியிலிருந்து அறுத்தெடுத்த ஒயர். கடல் கடந்த ஒயர் அவன் தோள்பையில் சுருண்டு கிடந்தது.

எல்லோரும் சிரித்தார்கள். வசந்தாமணியும் சிரித்துவிட்டாள், மருதாசலம் பார்த்தது அதைத்தான். அவர் கத்தவில்லை. "இனி இந்த வாசப்படியை மிதிக்காதே மாப்ளே" என்று மட்டும் சொல்லி, ஒயர்களையெல்லாம் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டு, பெட்டிக்குப் போர்வை போர்த்தினார். அதற்குப் பிறகு ஆடி வந்தது, போனது, மறுபடியும் வந்தது, போனது.

இப்போது தை மாதம் மகள் ஹம்சவேணிக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். அவர்கள் வழக்கத்தில் மணவறையில் பெண்ணின் நெற்றிக்குப் பட்டம் கட்டுகிறவன் தாய்மாமன். அதற்கு ஆள் மாற்று கிடையாது. அச்சடித்து வந்த பத்திரிகையில் முதலாவது சாமிக்கு, அடுத்தது தாய்மாமனுக்கு, அதற்கப்புறம்தான் ஊருக்கு. சாமிக்கு வைத்தாயிற்று. அடுத்தது வைக்க முடியாமல் மிச்சக் கட்டு முழுவதும் சாமி படத்துக்குக் கீழேயே கிடந்தது. பெங்களூரிலிருந்து ஹம்சவேணி போனில் சொல்லிவிட்டாள்: "மாமா பட்டம் கட்டாட்டி நான் மணவறை ஏற மாட்டேம்மா. அப்பாகிட்டயும் சொல்லீட்டேன்." இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி ஒரு பக்கம், கழுத்தில் தாலி கட்டியவர் ஒரு பக்கம், மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது வசந்தாமணிக்குச் சரியாகப் பொருந்தியது. விளக்கேற்றும்போதெல்லாம் அந்தக் கட்டைப் பார்த்து அவளுக்கு அழுகை வந்தது.

இப்படி இருக்கும்போதுதான் கொடி பாடியது. கடைக்குப் போயிருந்த மருதாசலம் சொட்டுகிற குடையோடு வாசலில் வந்து நின்றார். கைக்குட்டைகளுக்கு நடுவே பாட்டு வந்துகொண்டிருந்தது.

"யாரு ஒயரு மாட்டுனது?"

"ஒயரெல்லாம் இல்லீங்க. கொடி."

குடையை மடக்க மறந்து அப்படியே சோபாவில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் முடியும்வரை கேட்டார், தட்டைத் திருப்பிப் போட்டுக் கேட்டார். கயிறு எப்படிப் பாடும் என்கிற எண்ணம் அவருக்கு வரவே இல்லை. அவர் கண்கள் நிறைந்து வழிந்ததற்குக் காரணம் வேறு. "ஒயருக்கு ஒயரு வித்தியாசம் இருக்குதுன்னு நான் சொன்னனா இல்லியா?" என்றார். "சொன்னீங்க, சொன்னீங்க" என்றாள் வசந்தாமணி. அந்த நல்ல நேரத்தைப் பிடித்துக்கொண்டு, "அப்படீன்னா தம்பிக்குப் பத்திரிகை வெச்சரலாங்களா?" என்று கேட்டாள்.

"வெக்கலாம். அவன் வரோணும். வந்து கேக்கோணும். கேட்டுப்போட்டு, ஒயருல வித்தியாசம் இருக்குதுன்னு இந்த வீதி முன்னால ஒரே ஒரு வார்த்தை சொல்லோணும். சொல்லட்டும், பத்திரிகையை நானே அவன் கையில குடுக்கறேன்."

கொடி பாடியது தம்பியை வீட்டுக்குள் கூட்டிவரவா, ஒரேயடியாக வெளியே நிறுத்தவா என்று வசந்தாமணிக்கு விளங்கவில்லை.

வீதிக்கு விஷயம் தெரிய ஒரு பகல் போதுமானதாக இருந்தது. வெறும் வாயை மெல்லுகிற வீதிக்கு அவல் கிடைத்தது. வந்தவர்களில் ஒருவர்கூடக் கயிறு ஏன் பாடுகிறது என்று கேட்கவில்லை. உங்கள் கயிறு பாடினால் எங்கள் கயிறு மட்டும் பாடாதா என்றுதான் கேட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமானதாக எல்லோருக்கும் பட்டதால், மறுநாளிலிருந்து மருதாசலம் வீட்டு வாசலில் செருப்புகளும் குடைகளும் சேர்ந்தன, ஆளுக்கொரு கயிறோடு வரிசை நின்றது. பால்காரர் அங்கண்ணன் மாட்டுக்கயிறு கொண்டுவந்தார்; அதில் பாட்டு நின்று நின்று அசைபோட்டு வந்தது, சரணத்துக்கு முன்னால் படுத்தே விட்டது, அங்கண்ணன் நாக்கைச் சொடுக்கியதும் எழுந்து மிச்சத்தைப் பாடியது. கிணற்றுக் கயிற்றில் பாட்டு வந்துசேர நேரமாயிற்று, வந்தபோது ஜில்லென்று இருந்தது. பம்பரக் கயிற்றில் பாடகி சுற்றிச் சுற்றிப் பாடி, கடைசியில் தள்ளாடி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றார். பூக்கட்டுகிற நாரில் வந்த பாட்டு முடிந்தும் சாயந்திரம்வரை கூடத்தில் மல்லிகை மணத்தது. பிள்ளையார் கோயில் பூசாரி கொண்டுவந்த மணிக்கயிற்றில் அடிக்கு ஒரு தரம் டண் என்று விழுந்தது, ஜனங்கள் ஒவ்வொரு டண்ணுக்கும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மாடி வீட்டுக் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர் தன் அடையாள அட்டை நாடாவைக் கட்டிப் பார்த்தார், பாட்டு நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. பாவாடை நாடாவை முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்த அம்மாளின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. அதில் பாடகி கடைசிவரை மூச்சை உள்ளிழுத்துப் பிடித்துக்கொண்டே பாடினார், முடிச்சை அவிழ்த்ததும் கூடம் முழுக்க ஒரு பெருமூச்சு வந்தது.

மின்சார வாரியத்து லைன்மேன் ஒருவர் அந்தப் பக்கம் வந்தவர், உள்ளே வந்து கொடியின் மேல் டெஸ்டரை வைத்துப் பார்த்தார். டெஸ்டர் எரியவில்லை. "கரண்டு இல்லீங்க. கரண்டு இல்லீன்னா இது எங்க சோலி இல்லீங்க" என்று சொல்லிவிட்டு, கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டு, அந்த இரண்டாவது பாட்டை இன்னொரு தரம் போடச் சொன்னார்.

அப்புறம் நடந்ததெல்லாம் எந்த ஊரிலும் நடப்பதுதான். வடக்கு வரிசை வீட்டுக்காரர்கள் தேங்காய்நார்க் கயிற்றில்தான் குரலுக்குக் கனம் வருகிறது என்றார்கள். தெற்கு வரிசைக்காரர்கள் பருத்திக்கு ஈடு எதுவும் இல்லை, நாரில் வந்தது தொண்டையில் அறுக்கிறது என்றார்கள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றார்கள். குடியிருப்போர் சங்கம் கூடி, கொண்டுவருகிற கயிறு துவைத்ததாக இருக்க வேண்டும், மாடு கட்டிய கயிறானால் இரண்டு தரம் துவைத்ததாக இருக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. முக்கு ஹார்டுவேர் கடையில் அதுவரை தூசி படிந்து கிடந்த கயிற்றுக் கண்டுகளுக்கு முன்னால் "சங்கீதத்துக்கு ஏற்றது" என்று பலகை மாட்டினார்கள். ரத்த அழுத்தக்காரர்கள் காலையில் கொடிக்கயிற்றுப் பாட்டுக் கேட்டால் நல்லது என்று யாரோ ஒரு நர்சம்மா சொன்னதாகச் சொன்னார்கள், அந்த நர்சம்மாவை யாரும் பார்க்கவில்லை. மருதாசலம் இந்தக் கூட்டத்துக்கு நடுவில் கல்யாண மாப்பிள்ளை போல உட்கார்ந்து, "இதுல கீழ்ஸ்தாயி கொஞ்சம் அடங்கியிருக்குது", "இதுல முறுக்கு சாஸ்தி, நூலு இறுகியிருக்குது" என்று சொல்லச் சொல்ல, ஆடிப்பெருக்கில் சிரித்த அதே வாய்கள் ஆமாங்க ஆமாங்க என்றன. ஆனாலும் பாட்டுக்குப் பாட்டு அவர் கண் வாசல் பக்கம் போய் வந்ததை வசந்தாமணி கவனித்தாள். வந்து தோற்க வேண்டியவன் வரவில்லையே என்றா, வர வேண்டியவன் வரவில்லையே என்றா, அது அவருக்கே தெரிந்திருக்காது.

ஒரு நாள் மழை வெறித்த நேரத்தில் வசந்தாமணி தூக்குப்போசியில் கறிக்குழம்பு எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனாள். சென்னியப்பன் ஒரு மோட்டாரின் வயிற்றைத் திறந்துவைத்துக்கொண்டு குந்தியிருந்தான். குழம்பை வாங்கி வைத்தான், அக்காளின் முகத்தைப் பார்க்கவில்லை.

"நைலான்ல கரண்டு போகாதுங்க்கா."

"போகாதுன்னு எனக்கும் தெரியுது சாமி. ஆனாப் பாடுது."

"பாடக் கூடாதுங்க்கா."

"அதை நீ வந்து அதுகிட்டச் சொல்லு."

சென்னியப்பனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான். "நான் வந்து கேட்டுப்போட்டு ஆமாம்னு சொன்னா, நாளைக்கு எவன் என்றகிட்ட மோட்டாரு குடுப்பான்? தாமிரம் எதுக்குச் சென்னியப்பா, துணி காயப்போடற கயித்துலயே சுத்திக் குடும்பானுங்க. முந்தாநேத்து ஒருத்தன் கேட்டே போட்டானுங்க்கா."

"அப்ப உன்ற மருமகளுக்கு யாரு பட்டம் கட்டறது?"

கம்பியைச் சுற்ற ஆரம்பித்தான், சுற்று தப்பியது, பிரித்துவிட்டு மறுபடி சுற்றினான். ஒரு வார்த்தையை விழுங்க முடியாத இரண்டு ஆம்பளைகளைக் கடவுள் தனக்கென்று பார்த்து எடுத்துவைத்தார் என்று வசந்தாமணிக்கு ஆத்திரமாக வந்தது. வீடுவரை முணுமுணுத்துக்கொண்டே நடந்தாள்.

ஆத்திரம் வந்த இன்னொருத்தியும் இருந்தாள். சென்னியப்பனின் மனைவி ஜோதிமணி, மறுநாள் காலையில் ஒரு மஞ்சள் பையோடு வந்து, நேராகச் சமையலறைக்குள் நுழைந்து, பையிலிருந்து ஒரு பட்டுச்சேலையை எடுத்து நாத்தனாரின் மடியில் வைத்தாள்.

"நங்கையா, இதைக் கட்டிப் பாட வையுங்க."

அது ஜோதிமணியின் கூறைச்சேலை. அவர்கள் கல்யாணங்களில் தாலி கட்டுவதற்கு முன்னால் இணைச்சீர் என்று ஒரு சடங்கு உண்டு. மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அவன் அக்காளோ தங்கையோ உட்கார, வரப்போகிற பெண்ணுக்கான கூறைச்சேலையைக் கொசுவி, ஒரு முனையை அவன் கையிலும் மறு முனையை அவள் கையிலும் கொடுப்பார்கள். இன்னொருத்தி வீட்டுக்கு வருகிறாள் என்பதற்காகக் கூடப்பிறந்தவளை விட்டுவிடமாட்டேன் என்று பையன் ஊர் முன்னால் ஒத்துக்கொள்வதுதான் அதற்கு அர்த்தம். சென்னியப்பனுக்கு இணைச்சீர்க்காரி வசந்தாமணி.

"இதுக்குத் தம்பி என்ன சொல்றான்?" என்றாள் வசந்தாமணி.

"அவருகிட்டக் கேக்கல, சொல்லீட்டு வந்தேனுங்க. என்ற கூறைச்சேலையை நங்கையாகிட்டக் குடுக்கப் போறேன், வேணும்னா நீங்களே போய் வாங்கியாங்க, அதுவரைக்கும் இந்த ஊட்டுல அடுப்பு எரியாதுன்னு சொல்லிப்போட்டேன். பசிச்சா வருவாருங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்னியப்பன் வந்தான். பசியில் வந்தானா, பாசத்தில் வந்தானா என்று ஊர் இன்னும் பேசுகிறது. தோளில் துண்டு, கையில் தாமிரக் கம்பிச் சுருள். கூடம் கொள்ளாமல் ஜனம், ஜன்னல் கம்பிகளுக்கு வெளியே ஜனம். ஆனால் வாசற்படிக்கு முன்னால் வந்து அவன் நின்றுவிட்டான். மிதிக்காதே என்று சொன்னவர் உள்ளே உட்கார்ந்திருந்தார். அவர் வா என்று சொல்லாமல் இவன் காலை எடுத்து வைப்பதாக இல்லை, இவன் வரட்டுமா என்று கேட்காமல் அவர் சொல்வதாகவும் இல்லை. மழை தூற ஆரம்பித்தது. எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள். கடைசியில் அங்கண்ணன்தான் தொண்டையைச் செருமினார். "வாசப்படியைத்தானுங்க மிதிக்க வேண்டாம்னாரு? பொறக்கடைக் கதவைப் பத்தி ஒண்ணும் பேச்சு இல்லீங்களே?" இல்லை, இல்லை என்று வீதி ஒரே குரலில் சொன்னது. சென்னியப்பனைச் சந்து வழியாகச் சுற்றிக் கூட்டிப்போய், தண்ணீர்த்தொட்டியைத் தாண்டி, பாத்திரம் கழுவும் இடத்தைத் தாண்டி, சமையலறை வழியாகக் கூடத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

"கண்ணு பாத்துட்டா காது பொய் சொல்லும்" என்றான் சென்னியப்பன், யாரையும் பார்க்காமல். "ரெண்டு பேரு கண்ணையும் கட்டோணும். அக்கா ஒருக்கா தாமிரத்துல போடட்டும், ஒருக்கா சேலையில போடட்டும். என்னன்னு கேப்போம்."

"கட்டச் சொல்லு" என்றார் மருதாசலம், சுவரைப் பார்த்து.

ஆளுக்கொரு துண்டால் கண்ணைக் கட்டி இருவரையும் ஒரே சோபாவின் இரண்டு மூலையில் உட்காரவைத்தார்கள். வசந்தாமணி முதலில் தம்பி கொண்டுவந்த தாமிரத்தைத் திருகாணியில் சுற்றினாள். பாட்டு வந்தது, நல்லாத்தான் இருந்தது. பிறகு தாமிரத்தை அவிழ்த்துவிட்டு, கூறைச்சேலையைக் கொசுவி, ஒரு முனையைப் பெட்டியிலும் மறு முனையை ஸ்பீக்கரிலும் முடிந்தாள்.

துவைத்த சேலையை இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று மடிப்பார்களே, ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு, உதறி, பாதியாக்கி, ஒருத்தி நடந்துபோய் மற்றவளின் கையில் முனையைச் சேர்த்து, அந்த மாதிரி வந்தது பாட்டு. பல்லவி கூடம் முழுக்க அகலமாக விரிந்தது, ஜன்னலுக்கு வெளியே இருந்தவர்கள்கூட ஒதுங்கி இடம் விட்டார்கள். அனுபல்லவியில் அது பாதியாயிற்று. ஒவ்வொரு சரணத்துக்கும் ஒரு மடிப்பு விழுந்து, சுவர்கள் கிட்டே வந்து, கூட்டம் கிட்டே வந்து, ஆகாத வடக்கு வரிசையும் தெற்கு வரிசையும் தோளோடு தோள் ஒட்டி நிற்க, கடைசி அடி வரும்போது பாட்டு ஒரு மடியில் வைத்துக்கொள்கிற அளவுக்கு ஆகி, கரைபோட்ட பக்கம் மேலே தெரிய அடங்கியது. சோபாவின் இரண்டு மூலையில் இருந்தவர்கள் நடுவில் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். எப்போது நகர்ந்தார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது.

அங்கண்ணன்தான் மெல்லக் கேட்டார்: "என்னுங்க, வித்தியாசம் இருக்குதுங்களா, இல்லீங்களா?"

இருவரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள்.

"இருக்குதுங்க" என்றான் சென்னியப்பன்.

"இல்லீங்க" என்றார் மருதாசலம்.

வசந்தாமணி திரும்பிப் பார்த்தாள். மருதாசலத்தின் கண்ணைக் கட்டிய துண்டு நனைந்திருந்தது. வளையல் மேசையில் படுவதைக் கேட்கிற மனிதருக்கு இது கேட்காமல் இருக்குமா? வாழ்நாள் முழுக்க ஊர் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று எதற்காகக் கிடந்தாரோ, அது கைக்கு வந்த நேரத்தில், ஊர் முன்னால், தன் மச்சினன் தலைகுனியக் கூடாது என்று அவர் அதைத் தூக்கிப்போட்டுவிட்டார். அவனோ பட்டறையையே தூக்கிப்போட்டுவிட்டான்.

"என்னுங்க மாமா இல்லீங்கறீங்க?" சென்னியப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. "பாட்டு ஒட்டுக்கா மடிஞ்சு மடிஞ்சு வந்துச்சே, உங்களுக்குக் கேக்கலீங்களா?"

"மடிஞ்சு வந்துச்சாமா! நீயெல்லாம் பட்டறை வெச்சிருக்கறே! தாமிரம்னா தாமிரந்தான்னு சொன்னது யாரு? பட்டுல எப்படி மாப்ளே கரண்டு போகும்?"

"போகுதுங்க மாமா!"

"போகாது மாப்ளே!"

"உங்க காதுக்கு என்னமோ ஆயிப்போச்சுங்க!"

"என்ற காதைப் பத்திப் பேசறயா நீயி? மில்லுல வந்து கேட்டுப் பாரு என்ற காதைப் பத்தி!"

கண்ணைக் கட்டிய துண்டை அவிழ்க்க இருவருக்குமே நேரமில்லை. ஒருவர் ஜன்னலைப் பார்த்துக் கத்தினார், ஒருவன் அலமாரியைப் பார்த்துக் கத்தினான், கைகள் மட்டும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு ஆடின. வீதி எந்தப் பக்கம் சேருவது என்று தெரியாமல் விழித்து, பிறகு வழக்கம்போல இரண்டாகப் பிரிந்து தானும் கத்த ஆரம்பித்தது.

வசந்தாமணி சாமி படத்துக்குக் கீழே இருந்த கட்டைப் பிரித்து, ஒரு பத்திரிகையை எடுத்து, மஞ்சள் தடவி, வெற்றிலை பாக்கு பழத்தோடு தட்டில் வைத்துக் கொண்டுவந்து கணவரின் கையில் கொடுத்தாள். என்ன ஏது என்று கேட்காமல் மருதாசலம் அதை வாங்கி, "போகவே போகாது" என்று சொல்லியபடியே பக்கத்தில் நீட்டினார். சென்னியப்பன் "போகுது, போகுது" என்று சொல்லியபடியே எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கி, தட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்தான்.

"அக்கா, நீயே சொல்லு" என்றான் அப்புறம். "நீதானே கண்ணால பாத்துக்கிட்டுக் காதால கேட்டது. இருந்துச்சா, இல்லியா?"

"ஆமா, அவ சொல்லட்டும்" என்றார் மருதாசலம்.

கண் கட்டிய இரண்டு முகங்களும் அவள் இருந்த பக்கமாகத் திரும்பின. வீதியும் வாயை மூடிக்கொண்டு அவளைப் பார்த்தது. வசந்தாமணிக்குப் பதில் தெரியும். சொன்னால் இந்தச் சண்டை தீர்ந்துபோகும் என்பதும் தெரியும்; தீர்ந்துபோனால் ஒருவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். அவள் சமையலறைக்குள் போய், உலையில் தம்பிக்கும் சேர்த்து அரிசி போட்டாள்.